பழைய சட்டை போட்ட புதுக் கார்கள்!

58 ஆண்டுகள் கழித்து வந்த கோப்பை

பந்தயம் என்றால் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா வந்துவிட்டால் அறந்தாங்கிப் பக்கமும் திருமயம் பக்கமும் தார்ச் சாலையில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் களைகட்டிவிடும். எல்கை என்றால் எல்லை. எல்லையைத் தொட்டுத் திரும்பி யார் முதலில் வருகிறாரோ அவரே வென்றவர்.

பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று பல பிரிவுகள் உண்டு. உலகமே கிலோமீட்டருக்கு மாறிவிட்டாலும், இந்தப் பந்தயத்தின் தூரத்தை இன்றும் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள். “போக வர 8 மைல்” என்று நோட்டீசில் அச்சாகிறது. பழைய வழக்கம் பழைய வழக்கமாகவே நிற்கிறது.

இதேபோல் பழமையை விடாத ஒரு பந்தயம் அமெரிக்காவிலும் நடக்கிறது. அங்கே ஓடுவது மாடு அல்ல, மோட்டார் கார். ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கார்கள் எல்லாம் 30, 40, 50 ஆண்டுகளுக்கு முந்திய நிறங்களைப் பூசிக்கொண்டு வருகின்றன! தாத்தா காலத்துச் சட்டையைப் பேரன் போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல!

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அதனால் யாருக்கு என்ன பயன்? பார்ப்போம்.

கடையில் வாங்கிய கார்

பந்தயக் கார் என்றதும் நம் கண்முன் வருவது, சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஒருவர் மட்டும் படுத்தவாறு ஓட்டும் கார்தான். இங்கே நாம் சொல்லப்போவது வேறு வகை. இதற்கு ‘ஸ்டாக் கார்’ என்று பெயர். கடையில் வாங்குகிற, குடும்பத்தோடு ஏறிப் போகிற சாதாரணக் கார் என்பதே அதன் பொருள். 

தொடக்க காலத்தில் அப்படித்தான் இருந்தது. வாங்கிய காரை அப்படியே பந்தயத்துக்குக் கொண்டு வந்து ஓட்டினார்கள். 1948-ல் பில் பிரான்ஸ் என்பவர் இதற்கென்று ‘நாஸ்கார்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 

இப்போது அப்படி இல்லை. பார்வைக்குத்தான் சாதாரணக் கார் போல இருக்கும். உள்ளே இரும்புக் குழாய்களால் கட்டிய கூடு. அதற்குள் ஓட்டி. எல்லாமே பந்தயத்துக்கென்று செய்தவை.

மீன் குட்டைக்கு வழிவிட்ட திடல்

பழைய நிறத் திருவிழா நடக்கும் இடம் டார்லிங்டன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சிற்றூர் அது. 

அங்கே ஹரால்டு பிராசிங்டன் என்பவர் ஒரு பந்தயத் திடல் கட்ட ஆசைப்பட்டார். ஷெர்மன் ராம்சி என்பவரிடம் நிலம் வாங்கினார். “நிலம் தருகிறேன். ஆனால் அதன் ஓரத்தில் இருக்கும் என் மீன் குட்டையைத் தொடக் கூடாது” என்பது ராம்சியின் நிபந்தனை.

பிராசிங்டன் சம்மதித்தார். குட்டை இருந்த பக்கம் வளைவைக் குறுக்கினார். மறுபக்கம் அகலமாக விட்டார். அதனால் திடல் கோழி முட்டை வடிவில் அமைந்துவிட்டது. ஒரு முனை கூர்மை, ஒரு முனை அகலம். இந்த வடிவம்தான் இன்றுவரை ஓட்டிகளைத் திணறடிக்கிறது. வளைவில் சற்றுப் பிசகினாலும் கார் சுவரில் உராயும். பக்கவாட்டில் நிறம் உரிந்து கோடு விழும். அந்தக் கோட்டுக்கே ‘டார்லிங்டன் கோடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

1950 செப்டம்பர் 4-ந் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. 75 கார்கள் கலந்துகொண்டன. தூரம் 500 மைல். நம் கணக்கில் சொன்னால், புதுக்கோட்டையிலிருந்து சென்னை போய்த் திரும்பி வருகிற தூரம்!

வேகமான கார்கள் பாய்ந்தன. ஆனால் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஜானி மான்ட்ஸ் என்பவர் மட்டும் சிறிய பிளிமத் கார் ஒன்றில், கடினமான டயர்களைப் போட்டு, நிதானமாக ஓட்டினார். 6 மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தப் பந்தயத்தில் அவரே வென்றார். ஆமையும் முயலும் கதை மோட்டார் உலகத்திலும் நடந்தது.

நிறம் மாறாத மனிதர்

2015-ல் டார்லிங்டனில் ஒரு புதுமை செய்தார்கள். பழைய காலத்துப் புகழ்பெற்ற கார்களின் நிறத்தையும் எழுத்தையும் புதுக் கார்களில் பூசிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள். அன்று முதல் இது ஆண்டு விழா ஆகிவிட்டது. 2021 முதல் இந்த விழாவை ஆண்டின் முற்பகுதியில் வரும் டார்லிங்டன் பந்தயத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

உண்மையில் இப்போது வண்ணம் ‘பூசுவது’ இல்லை. படம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காரின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். பந்தயம் முடிந்ததும் உரித்துவிடலாம்.

கார் நிறத்தில் என்ன பெருமை என்று கேட்கலாம். ரிச்சர்டு பெட்டியின் கதையைக் கேளுங்கள்.

200 பந்தயங்களில் வென்றவர் அவர். 7 முறை சாம்பியன் பட்டம் பெற்றவர். அவருடைய காரின் எண் 43. நிறம் வெளிர் நீலம். ஒரு சமயம் கார் முழுவதும் பூச வெள்ளை வண்ணமும் போதவில்லை, நீல வண்ணமும் போதவில்லை. இரண்டையும் ஒரே வாளியில் கலக்கிப் பூசினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘பெட்டி நீலம்’ என்று சொல்வார்கள்.

1972-ல் ஒரு எண்ணெய்க் கம்பெனி அவருக்குப் பணம் தர முன்வந்தது. அதன் நிறம் சிவப்பு. கார் முழுவதையும் சிவப்பாக்கினால் 50,000 டாலர் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பெட்டி மறுத்துவிட்டார். கடைசியில் பாதி சிவப்பு, பாதி நீலம் என்று சமரசம் ஏற்பட்டது. பணத்துக்காகத் தன் நிறத்தை அடியோடு மாற்றிக்கொள்ள அவர் மனம் இசையவில்லை!

வெண்டல் ஸ்காட்

புகழ் பெற்றவரின் நிறத்தைப் பூசுவது எளிது. ஆனால் உழைப்புக்கு ஏற்ற மரியாதை கிடைக்காமலே போனவர்களும் உண்டு. அவர்களில் முக்கியமானவர் வெண்டல் ஸ்காட்.

1921 ஆகஸ்ட் 29-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் ஊரில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் மெக்கானிக் வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் சொந்தப் பட்டறை வைத்தார். வருமானம் போதவில்லை. கள்ளச் சாராயம் ஏற்றிக்கொண்டு இரவில் கார் ஓட்டினார். போலீசார் துரத்துவார்கள். பெரும்பாலும் பிடிக்க முடியாது!

1952-ல் டான்வில்லில் பந்தயம் நடத்தியவர்கள், கறுப்பின மக்களும் டிக்கெட் வாங்கி வர வேண்டும் என்று ஒரு கறுப்பின ஓட்டியைத் தேடினார்கள். போலீசாரிடம் விசாரித்தார்கள். துரத்தித் துரத்திக் களைத்துப்போன போலீசார் சொன்ன பெயர், வெண்டல் ஸ்காட்!

அப்படித்தான் அவர் பந்தயத்துக்கு வந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்போது நிற வேற்றுமை கடுமையாக இருந்தது. கூட்டத்தில் சிலர் ஏசினார்கள். மற்ற ஓட்டிகளில் சிலர் வேண்டுமென்றே வந்து மோதினார்கள். ஸ்காட்டிடம் பணம் இல்லை. பழைய கார்தான். தாமே பழுது பார்த்தார். பிள்ளைகள் டயர் மாட்டினார்கள். குடும்பமே பந்தயக் குழு! 1961-ல் நாஸ்காரின் முதல் தரப் பந்தயங்களில் சேர்ந்தார்.

கொடி அசையவில்லை

1963 டிசம்பர் 1-ந் தேதி. புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் ஊரில் பந்தயம்.

34-ம் எண் காரில் ஸ்காட் முன்னணியில் ஓடினார். கடைசிச் சுற்றும் முடிந்தது. வென்றவருக்குக் கட்டம் போட்ட கொடியை அசைக்க வேண்டும். கொடி அசையவில்லை. ஸ்காட் இன்னொரு சுற்று வந்தார். அப்போதும் அசையவில்லை. 

பின்னால் வந்த பக் பேக்கர் என்ற வெள்ளையர் வென்றதாக அறிவித்தார்கள். கோப்பையும் அவருக்கே தரப்பட்டது. “கணக்கைச் சரிபாருங்கள்” என்று ஸ்காட் முறையிட்டார். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, “கணக்கில் பிழை. வென்றவர் ஸ்காட்தான்” என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். 

வெற்றி அவருடையதாக ஏட்டில் பதிவாயிற்று. ஆனால் கைதட்ட அங்கே யாரும் இல்லை. கோப்பையும் இல்லை. வெள்ளையர் கூட்டத்தின் முன்னால் ஒரு கறுப்பினத்தவரை வெற்றி மேடையில் ஏற்ற மனமில்லாமல் செய்த வேலை இது என்று அவர் குடும்பத்தார் கருதினார்கள்.

அதற்குப் பின் ஸ்காட் பல ஆண்டுகள் ஓட்டினார். முதல் தரப் பந்தயங்களில் 495 முறை கலந்துகொண்டார். வென்றது அந்த ஒரு முறைதான். 1973-ல் நேர்ந்த விபத்தில் படுகாயம் அடைந்தார். அதோடு அவருடைய பந்தய வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1990 டிசம்பரில் அவர் காலமானார். ஜாக்சன்வில் கோப்பை அதுவரை அவர் கைக்கு வரவே இல்லை.

மீண்டும் ஓடியது 34

2013-ல் டாரல் வாலஸ் என்ற இளைஞர், வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் திடலில் நாஸ்காரின் டிரக் பந்தயம் ஒன்றில் வென்றார். ஸ்காட்டுக்குப் பின் நாஸ்காரின் தேசிய அளவிலான பந்தயத்தில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இடையில் ஓடிய ஆண்டுகள் 50!

மறு ஆண்டு, 2014 நவம்பரில், வாலஸ் ஒரு காரியம் செய்தார். தம்முடைய வழக்கமான எண்ணை விட்டுவிட்டு, ஸ்காட்டின் நினைவாக 34-ம் எண்ணோடு புளோரிடாவில் ஓட்டினார். அந்தப் பந்தயத்திலும் வென்றார். 34-ம் எண் முதலாவதாக வந்தபோது, இம்முறை கொடி அசைந்தது!

2015-ல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் ஸ்காட்டின் பெயர் சேர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 28-ந் தேதி, டேடோனா திடலில் பெருங்கூட்டத்தின் முன்னால், ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால், மறுநாள் 100 வயது நிறைந்திருக்கும். 

மரியாதை வந்தது. பெற்றுக்கொள்ள வேண்டியவர் இல்லை. பழைய நிறம் பூசும் விழாவைப் பற்றி நினைக்கும்போது நம் மனத்தில் உறுத்துவது இதுதான். இறந்தவரின் நிறத்தைப் பூசுவதற்கு ஒரு நாள் போதும். இருக்கும்போது அவருக்கு நியாயம் செய்வதற்குத்தான் துணிவு வேண்டும்.

நம்மவர் ஒருவர்

மார்ட்டின்ஸ்வில்லுக்கும் ஸ்காட் பிறந்த டான்வில்லுக்கும் ஏறத்தாழ 30 மைல் தூரந்தான். அந்த மார்ட்டின்ஸ்வில் திடலில் 2010-ல் நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஓட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் நாராயண் கார்த்திகேயன்!

2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். நாஸ்கார் டிரக் பந்தயத்தில், பழக்கமில்லாத வண்டியில், முதல் முறையிலேயே 13-வது இடம் பெற்றார். அந்த ஆண்டின் வாக்கெடுப்பில், டிரக் பந்தய ரசிகர்களின் மனம் கவர்ந்த ஓட்டியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம் நாட்டில் மோட்டார் பந்தயத்துக்குப் பாதை போட்டவர்களும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் திடல் அமைந்தது. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி கார் எஞ்சினை வைத்துச் சிறு பந்தயக் கார்கள் செய்து, பணக்காரர் அல்லாத இளைஞர்களும் ஓட்ட வழி செய்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகே உள்ள பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேளார் கைவண்ணம்

பழைய நிறத்தில் புது வாகனம் என்பது நமக்கும் தெரிந்த விஷயம்தான். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் புரவி எடுப்பு பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 

ஊரார் பிடிமண் கொடுப்பார்கள். வேளார் அந்த மண்ணைச் சேர்த்துப் புதுக் குதிரை செய்வார். சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுவார். ஊரே கூடி அதைத் தோளில் சுமந்து அய்யனார் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தும். பக்கத்தில் பழைய குதிரைகள் மழையிலும் வெயிலிலும் நிறம் வெளுத்து நிற்கும். புதுக் குதிரைக்குப் பழைய குதிரையின் சாயல் இருக்கும். மண் புதிது, மரபு பழையது.

ஆனால் அந்தக் குதிரையை முதலில் செய்த வேளாரின் பெயர் என்ன? எல்கைப் பந்தயத்தில் மாட்டின் சொந்தக்காரர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறது. விடியுமுன் எழுந்து அந்த மாட்டுக்குத் தீனி வைத்து, நடை பழக்கி, குளிப்பாட்டியவர் பெயர் எங்கே கேட்கிறது?

டார்லிங்டனில் காரின் நிறத்தைப் பார்த்துச் சிறுவர்கள், “இது யாருடைய கார், தாத்தா?” என்று கேட்கிறார்கள். தாத்தாக்கள் கதை சொல்கிறார்கள். நிறம் ஒரு சாக்கு. கதைதான் சரக்கு.

அடுத்த திருவிழாவில் உங்கள் ஊர்ச் சாலையில் மாடுகள் பாயும்போது, நீங்களும் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம், “உங்கள் காலத்தில் இந்தச் சாலையில் வென்றவர் யார்? மாட்டைப் பழக்கியவர் யார்?” என்று கேளுங்கள். 

அவர் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களில் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், அடுத்த பந்தயத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். 58 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்!