தூண்டிலோடு எல்லை தாண்டுமுன்

பிள்ளைச்சாவடியிலிருந்து தென்பெண்ணையில் கொடுவா பிடிக்கக் கிளம்புகிறவர், பாகூர் போய்ச் சேர்வதற்குள் குறைந்தது இரண்டு முறை மாநில எல்லையைக் கடக்கிறார். காலாப்பட்டுப் பகுதி புதுச்சேரி. அடுத்து வரும் பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. போய்ச் சேரும் தென்பெண்ணையிலும் இதே கதைதான். வடகரையில் பாகூர் கொம்யூன், எதிர்க்கரையில் கடலூர் மாவட்டம். எந்த இரைக்கு மீன் கடிக்கும் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். எந்தக் கரையில் யார் சட்டம் என்று விசாரிக்கிறவர் குறைவு.

இத்தனை தூரம் ஏன் போகிறார்கள் என்று கேட்கலாம். 1989-இல் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியபின் வடக்கே மணல் வரத்து குறைந்து, கடல் அரித்த ஊர்களில் பிள்ளைச்சாவடியும் ஒன்று. நின்று தூண்டில் வீச அங்கே மணல் இல்லை, கொட்டிய பாறைகள்தான் இருக்கின்றன. பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கினால் தலையில்தான் அடிபடும். அதனால் இளைஞர்கள் வாரக்கடைசியில் ஆற்றங்கரை தேடுகிறார்கள்: வில்லியனூர் பக்கம் சங்கராபரணி, பாகூர் பக்கம் தென்பெண்ணை.

யூடியூபில் அமெரிக்கர்கள் பெரிய ஆறுகளில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிப்பதைப் பார்த்துவிட்டு ராடும் ரீலும் வாங்கியவர்கள் இவர்களில் பலர். அந்த மீன் நம் ஆறுகளில் கிடையாது. சீ பாஸ் என்று சந்தையில் விற்கும் கொடுவா வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் காணொளிகளில் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. அங்கே பொதுவாக மாகாண உரிமம் வாங்கிய பிறகே தூண்டில் போடுவார்கள். எத்தனை மீன், எந்த நீளம் என்பதற்கும் கணக்கு உண்டு.

நம் ஊரில் அப்படி உரிமம் கேட்பவர் அரிது என்பதால் எங்கும் போடலாம் என்று ஆகிவிடாது. ஏரியும் குளமும் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். வளர்ப்புக் குளத்து மீன் அடுத்தவர் சொத்து; பிடித்தால் திருட்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் இதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. முதல் தடவையாக இருந்து, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். ஆனாலும் வழக்கு வழக்குதான். வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் அது வேண்டாம். ஓடும் ஆற்றில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கும் வலை விரித்திருக்கும் மீனவரிடம் “அண்ணே, இங்க போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. அது அவர் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு.

ஊசுட்டேரியில் தூண்டில் போடவே கூடாது. ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியில், மறுபாதி தமிழ்நாட்டில். புதுச்சேரி 2008-இலும் தமிழ்நாடு 2014-இலும் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டன. வடக்கே மரக்காணம் பக்கம் உள்ள கழுவேலியும் 2021-இலிருந்து சரணாலயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கழிமுகத்தில் பங்குனி ஆமையோ வேளா மீனோ தூண்டிலில் சிக்கினால் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். முள்ளை ஒட்டித் தங்கூசியை அறுத்து உடனே விட்டுவிடுங்கள். இரண்டும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டுத் தண்ணீரில் கரண்ட் விடும் ‘வீரர்கள்’ மீனோடு மனிதனையும் கொல்கிறார்கள்.

இன்னொரு எல்லைச் சங்கதியும் உண்டு, நண்பர்கள் சிரிப்பார்கள். ஐஸ் பெட்டியில் மீனுக்கு முன்னால் பாட்டில் ஏறிவிடுகிறது. புதுச்சேரியில் வாங்கிய மதுவோடு கோட்டக்குப்பம் சோதனைச்சாவடியில் மாட்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் பாயும்; வண்டியும் பறிபோகலாம். அதைவிட, ஆற்றங்கரையில் குடித்துவிட்டு நிற்பதே ஆபத்து.

ஆபத்து என்றால் முதலில் மணல் அள்ளிய குழிகள். முழங்கால் தண்ணீர் என்று கால் வைத்த இடத்துக்கு அடுத்த அடி ஆளை விழுங்கும். நீச்சல் தெரிந்தவரும் அங்கே தப்புவது கடினம். சுழலும் சரிவும் உள்ள அணைக்கட்டுக்குக் கீழே இறங்கவே வேண்டாம். சங்கராபரணியில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் செல்லிப்பட்டு படுகை அணை 2021 மழை வெள்ளத்தில் உடைந்தது. பழைய கட்டுமானத்தின் மேல் நின்று வீசுவதை நினைக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம். உள்ளூரில் வெயில் அடித்தாலும் ஆறு பெருகலாம். தென்பெண்ணைக்குச் சாத்தனூர் அணையிலும் சங்கராபரணிக்கு வீடூர் அணையிலும் தண்ணீர் திறக்கிறார்களா என்று பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, பாகூர் பக்கத்து ஊர்களில் வெள்ளம் புகுந்தது. புயல் போய்விட்டதே என்று ஆற்றுக்கு வந்தவனுக்கு அந்தத் தண்ணீர் புயலைவிடக் கொடியது.

சின்ன ஆபத்துகளும் உண்டு. கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் வீசாதீர்கள், இடி கேட்டால் மடக்கி வைத்துவிடுங்கள். கெளுத்தி, தேளி முள் குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு டிடி ஊசி. பாம்பு கடித்தால் கட்டுப் போடவும் கீறவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் நேரே அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோக வேண்டும்.

யாராவது ஆற்றில் விழுந்துவிட்டால் கூடவே குதிக்காமல் கயிறோ வேட்டியோ வீசி, 112-ஐ அழையுங்கள். கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554. அடுத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால் வருவது இந்தப் பகுதிக்கே உரிய தலைவலி: “அது அந்தப் பக்கம், அங்கே போய்க் கொடு.” பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

பணம் வாங்கிக்கொண்டு படகில் அழைத்துப்போனவர் உயிர்காப்பு மிதவை தரவில்லையா? “எங்கள் பொறுப்பல்ல” என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அவருடைய அலட்சியம் அந்தக் காகிதத்தால் அழிந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆகவே படகுக்காரர் கடலூர்க்காரர் என்றாலும் வழக்குப் புதுச்சேரியில் நடக்கும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டும் பார்க்கலாம். பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் இருக்கட்டும்.

சொல்ல மனம் வராத ஒன்று. மூழ்கி இறந்தவரின் உடலை, பிரேதப் பரிசோதனைக்குப் பயந்து குடும்பம் அவசரமாக அடக்கம் செய்துவிடுவது நடக்கிறது. அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் இரண்டு லட்சத்தைக் கேட்க எதையும் காட்ட முடியாமல் போகலாம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குள்ள எவரும் அதில் சேரலாம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது.

கடைசியாக மீனுக்கே வருவோம். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரியது அகப்பட்டால் அது பெரும்பாலும் முட்டை வைக்கும் பெண். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்; குழம்புக்கு நடுத்தரமானதே ருசி.