குளமாவு நீரில் சோனார் சோதனை

குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கிடையே பெரியாற்றை மறித்து எழுந்த இடுக்கி அணை 1976ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. செறுதோணி, குளமாவு அணைகளும் சேர்ந்து தேக்கும் நீர் மூலமற்றத்தில் மின்சாரம் தருகிறது. அதே நீர் கடற்படைக்கும் பணி செய்து வருவதைப் பலர் அறியார்.

நீர்மூழ்கிக் கப்பலை ஒலியால் கண்டறியும் கருவி சோனார் ஆகும். ஒலி நீரில் எவ்வளவு தொலைவு செல்லும், எங்கே வளையும், எங்கே மங்கும் என்பதைக் கணிப்பொறி மாதிரிகள் முன்கூட்டியே கூறுகின்றன. பத்துக் கிலோமீட்டரில் எதிரி புலப்படுவான் என்று மாதிரி கூற, உண்மையில் ஐந்து கிலோமீட்டரில்தான் புலப்படுவானாயின், அதை நம்பிச் சென்ற மாலுமிகளின் கதி என்ன? ஆகவே, மாதிரியை மெய்யான அளவீடுகளோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. ஆயினும் ஒவ்வோர் ஒப்பீட்டிற்கும் கப்பலைக் கடலுக்கு அனுப்பினால் எரிபொருள், ஆட்கள், நாட்கள் என்று செலவு பெருகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடலின் கொந்தளிப்பும் இடையூறாகும்.

கொச்சி திருக்காக்கரையிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வுக்கூடம் குளமாவில் நீரடி ஒலி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்துகிறது. 2024 ஏப்ரலில் அங்கு ‘ஸ்பேஸ்’ என்னும் சோதனை மேடை தொடங்கி வைக்கப்பெற்றது. மிதக்கும் மேடையிலிருந்து மற்றொரு மேடை, வின்ச்சுகளின் உதவியால் 100 மீட்டர் ஆழம் வரை இறங்கும். சோதனை முடிந்ததும் மேலே வந்து பொருந்திக் கொள்ளும். கருவிகளை விரைவில் இறக்கவும் மீட்கவும் இது வழி செய்கிறது.

ஏரி கடலாகிவிடுமா? ஆகாது. 20 டிகிரி செல்சியசில் ஒலி நன்னீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும். கடல்நீரிலோ ஏறத்தாழ 1,520 மீட்டர். கடலில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட்டு ஒலியாற்றலை உறிஞ்சுகிறது. ஏரியில் அவ்விழப்பு இல்லை. போதாக்குறைக்குக் கரைச்சரிவுகளின் எதிரொலி வேறு. எனினும் மாதிரியில் நன்னீரின் தன்மையையும், அன்று அளந்த வெப்ப அடுக்குகளையும், ஏரியின் ஆழத்தையும் இட்டுக் கணக்கிட இயலும். அங்கேயே விடை பிழைத்தால் கடலுக்குச் செல்வது வீண் செலவு. பிழைக்காவிடில் உப்பு, அலை, கப்பலின் சொந்த இரைச்சல் ஆகியவற்றின் விளைவை மட்டும் அறியக் கடற்சோதனை போதும்.

எதை அளப்பது என்பதிலும் சிக்கனம் உண்டு. உள்ளீடுகளை ஒவ்வொன்றாகச் சிறிது மாற்றிக் கணக்கிட்டால், விடையைப் பெரிதும் அசைப்பவை எவை என்பது விளங்கும். அவற்றையே நுட்பமாக அளக்க வேண்டும். மற்றவற்றிற்குத் தோராய மதிப்பு போதும். அளவீடுகளை நாள், ஆழம், வெப்பநிலையுடன் பதிந்து வைத்தால், அடுத்த மாதிரியைப் புதுச் சோதனையின்றியே அவற்றோடு ஒப்பிடலாம். மின் உற்பத்திக்கு நீர் இறங்க இறங்க ஏரியின் மட்டமும் மாறுவதால், அன்றைய நீர்மட்டமும் அப்பதிவில் இடம்பெற வேண்டும்.