விரதத்துக்குப் பாரணை உண்டு

ஆடி மாதம் பிறந்துவிட்டால் உடப்புக் கிராமத்தின் முகமே மாறிவிடும். திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நெருங்க நெருங்க, வலையும் தோணியுமே வாழ்வாகக் கொண்ட குடும்பங்களிலும் மீன்சட்டி ஒதுக்கப்படும். புத்தளம் கரையோரத்து இந்துக்களாகிய நமக்கு இது புதுமையன்று. முன்னேஸ்வரத்துத் திருவிழாவும் கந்தசஷ்டியும் வரும்பொழுதெல்லாம் வாயைக் கட்டி மனத்தை அடக்கப் பழகியவர்கள் நாம். ஆதலினாலேயே போலும், ஒரு பிள்ளை உணவை விலக்கும்போது நமக்கு ஐயம் தோன்றுவதில்லை, பெருமிதமே தோன்றுகிறது.

அந்தப் பெருமிதத்தால் நாம் ஒருமுறை பெரும் பிழை செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் நம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி, திருவிழாக் காலத்தில் மீனை விட்டாள். விழா முடிந்தபின்னும் மீனைத் தொடவில்லை. பின்னர் முட்டையை விட்டாள். அதன்பின் பாலும் தயிரும் நெய்யும் போயின. "கன்றுக்குரிய பாலை நாம் பறிப்பது நியாயமா, ஐயா?" என்று அவள் கேட்டபோது வகுப்பே வியந்தது. புலனடக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அவளை நாம் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினோம். சில மாதங்களில் அவள் காலைப் பிரார்த்தனை வேளையில் மயங்கி விழுந்தாள். சட்டைக் கையினுள்ளே தெரிந்த எலும்பை அன்றுதான் நம் கண்கள் கண்டன.

உடல் பருத்துவிடுமோ என்னும் தீரா அச்சத்தால் உணவை மறுக்கும் இந்நோயை 1873ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் விளக்கி, 'அனரெக்சியா' எனப் பெயரிட்டார். 'பசியின்மை' என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும் பெயர் பொருந்தவில்லை. நோயாளிக்குப் பசி உண்டு, அதற்கு இணங்கும் துணிவுதான் இல்லை. மனநோய்களுள் உயிரைக் குடிக்கும் ஆபத்து மிக்கவற்றில் இதுவும் ஒன்று.

ஊனோடு பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கி வாழ்வோரை 'வீகன்' என்பர். 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் சங்கம் அமைத்தபோது பிறந்த சொல் அது. இக்கொள்கை நோயன்று, இவ்வாறு உண்டு நலமாக வாழ்வோர் ஏராளம். ஆனால் உண்ணாமைக்கு மதிப்பான ஒரு காரணத்தைத் தேடித் திரியும் நோய், சிலரிடத்தில் இக்கொள்கையின் ஆடையை உடுத்திக்கொள்கிறது. கொள்கை எது, நோய் எது என்று பிரித்தறிவதே வைத்தியருக்கும் வீட்டாருக்கும் உள்ள இடர்ப்பாடு.

நம் மாணவியை முதலிற் பார்த்தவர்கள், "பாலும் முட்டையும் கொடுங்கள், மறுத்தால் வற்புறுத்துங்கள்" என்றனர். வீடு போர்க்களமாயிற்று. தாயார் அழுதார், தந்தையார் சினந்தார், பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டாள். பின்னர் வேறொரு வைத்தியரிடம் சேர்ந்தபோது, அவர் கட்டளையிடாமல் மூன்று கேள்விகள் கேட்டார்.

"மீனை விட்டது முந்தியா, உடம்பைப் பற்றிய பயம் வந்தது முந்தியா, பிள்ளை?"

"தேங்காய்ப்பாலில் சமைத்த பாற்சோற்றிலும் எண்ணெயிற் பொரித்த வடையிலும் எந்த உயிருக்கும் தீங்கில்லையே; அவற்றை உண்பாயா?"

"உன்னைப் போலவே உயிரிரக்கம் உள்ள தோழி ஒருத்தி வயிறு நிறைய உண்டால், அவளைக் குறை சொல்வாயா?"

முதற் கேள்விக்கு அவள் விடை கூறினாள். இரண்டாவதற்குத் தலை குனிந்தாள். மூன்றாவதற்கு அழுதாள். "உன் இரக்கத்தை நான் தொடமாட்டேன். உன் பயத்துக்குத்தான் மருந்து செய்யப் போகிறேன்" என்றார் வைத்தியர். அன்று மாலை அவள் அரைக்கோப்பைக் கஞ்சி குடித்தாள்.

இங்கு காந்தியடிகளின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1912இல் தென்னாபிரிக்காவில் அவர் பாலைத் துறந்தார். 1918இல் கேடா மாவட்டத்தில் கடும் வயிற்றுளைச்சலால் உடல் உருக்குலைந்தபோது, பாலின்றி உடல் தேறாது என வைத்தியர் கூறினார். பசுவையும் எருமையையும் எண்ணியே விரதம் பூண்டீர்கள், ஆட்டுப்பால் அருந்தலாமே என்று வழி கண்டவர் கஸ்தூரிபா அம்மையார். அடிகள் இணங்கினார், உயிர் பிழைத்தார். எனினும் அது தம் நெஞ்சில் முள்ளாய் நின்றதென அவரே எழுதியுள்ளார். அவருடையது நாம் பேசும் மனநோயன்று. ஆயினும் நோயாளியின் சொல்லை மதித்து, அதனுள்ளேயே வழி தேடிய துணைவியாரின் பண்பு நமக்குப் பாடமாகும்.

இன்று அந்த முள்ளும் தேவையில்லை. தாவர உணவிற் கிட்டாத பி12 உயிர்ச்சத்து 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்படும் அதனை மாத்திரையாகவோ ஊசியாகவோ பெறலாம். சோயா, உழுந்து, பயறு, கௌபி, கடலை ஆகியவை புரதம் தரும். எள்ளிற் சுண்ணச்சத்து உண்டு. இரும்புச்சத்து உடலிற் சேரத் தேசிக்காய் உதவும். உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும். நம் மாவட்டத்துத் தேங்காய் மெலிந்த உடலுக்கு நல்ல சக்தி தரும். ஆனால் தேங்காய்ப்பால் பசுப்பாலுக்கு ஈடாகாது. அதிற் புரதமும் சுண்ணச்சத்தும் குறைவு. மீனும் பாலும் நீங்கிய தட்டில் அயடின் குறையும். 1995 முதல் இலங்கையில் உணவு உப்பிற் கட்டாயமாகச் சேர்க்கப்படும் அயடின், புத்தளத்து உப்பளங்களின் அருமையை இன்னும் கூட்டுகிறது. கீரையை மட்டும் குவித்து வயிற்றை நிரப்புவது இந்நோயாளிக்கு ஆகாது; வயிறு நிறையும், உடல் தேறாது.

மற்றோர் எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு அன்பு மிகுதியால் திடீரென வயிறாரக் கொடுத்தல் ஆபத்து. இரத்தத்திற் பொஸ்பேற்று, பொட்டாசியம் முதலிய உப்புகள் சடுதியாகக் குறைந்து இதயமே நின்றுவிடக்கூடும். ஆதலின் உணவைக் கூட்டும் அளவும் வேகமும் ஆஸ்பத்திரியில், இரத்தப் பரிசோதனையோடு, வைத்தியர் வகுக்க வேண்டியவை. உயிர் ஊசலாடும் வேளையில் உயிரே முதன்மை. அப்பொழுதும் செய்வதன் காரணத்தை நோயாளிக்கு எடுத்துரைத்தே செய்தல் வேண்டும்.

திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து துணைசெய்பவரையும் மருத்துவத்தின் நான்காம் உறுப்பாக அவர் எண்ணினார். அந்த நான்காமவர் நாமே. தாய், தந்தை, ஆசிரியர், தோழி. சாப்பாட்டு வேளையில் உடம்பைப் பற்றிய பேச்சை எடாமல், அதே உணவை நாமும் அருகிருந்து உண்பது பெரிய துணையாகும். "மெலிந்துவிட்டாய்" என்பதும், "தேறிவிட்டாய், கன்னம் வந்துவிட்டது" என்பதும் அவள் செவிக்கு ஒன்றுபோலவே கொடியவை என்பதை அத்தாயாரிடமிருந்து நாம் கற்றோம்.

மாணவி முற்றும் குணமடைந்தாள் என்று சொல்லமாட்டோம். இன்றும் சில நாட்களில் தட்டின் முன் தயங்குகிறாளாம். ஆனால் உண்கிறாள். மீனும் பாலும் இல்லாத உணவுதான். தாயார் காய்ச்சும் தேங்காய்ப்பாற் சொதியும் பயறும் சோறும்.

நம் முன்னோர் விரதத்தை விதித்தபோது, அதனை முடித்து உண்ணும் பாரணையையும் சேர்த்தே விதித்தனர். பாரணை இல்லாத விரதத்தை எந்தத் தெய்வமும் கேட்டதில்லை. உங்கள் இல்லத்துப் பிள்ளை உணவை ஒதுக்கினால் பாராட்டவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். பாரணை எப்பொழுது என்று அன்போடு கேளுங்கள். விடை வராவிடின், காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.