உப்பும் கருவின் மூளையும்

எக்கியார்குப்பத்தை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் விளைவது போன்ற கடல் உப்பில் அயோடின் இயல்பாக மிகக் குறைவாகவே தங்குவதால், உணவு உப்பில் அது தனியே சேர்க்கப்படுகிறது. இந்த அயோடினுக்கும் கருவின் மூளை வளர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கருவின் மூளைக்குள் உட்குழிவுகளை ஒட்டிப் பிறக்கும் இளம் நரம்பணுக்கள், ஆரப் பசையணுக்கள் எனப்படும் துணையணுக்களின் நீண்ட இழைகளைப் பற்றி வெளிநோக்கி நகர்ந்து, முன்னர் வந்து அமர்ந்தவற்றையும் கடந்து மேலே சென்று தங்குவதால், பெருமூளைப் புறணி என்னும் மேலடுக்கு உள்ளிருந்து வெளியாக வளர்கிறது. வியப்புக்குரிய இந்நகர்வு முறையாக நடைபெற, அயோடினைக் கொண்டு உருவாகும் தைராய்டு ஹார்மோன் தேவை. தொடக்க மாதங்களில் கருவுக்கு அது தாயிடமிருந்தே கிடைப்பதால், கருவுற்ற பெண் உண்ணும் உப்பில் அயோடின் இருப்பது இன்றியமையாதது. நகர்வு மும்முரமாக நிகழும் இரண்டாம் மும்மாதக் கருமூளைகளின் 5,132 வெட்டுப் படலங்களைச் சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் முப்பரிமாணத் தொகுப்பாக வெளியிட்டது.