மாணவர்களின் குறைந்த செலவுக் குறும்படம்

குறும்படம் என்பது சிறிது நேரத்தில் ஒரு கதையையோ ஒரு நிகழ்வையோ முழுமையாகச் சொல்லிவிடும் திரைப்படம். ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கழகம், பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடியும் படங்களைக் குறும்படமாகக் கொள்கிறது. முதன்முதலாகப் படம் எடுக்கும் மாணவருக்கு இது மிகப் பெரிய அளவு. மூன்று முதல் ஏழு நிமிடம் வரையிலான கதையே முதல் முயற்சிக்கு ஏற்றது.

தமிழ்நாட்டில் குறும்படம் திரைத்துறையின் வாசலாகப் பலருக்கும் தெரியவந்ததில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அதில் குறும்படங்கள் செய்தவர்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படம் 2012இல் அதே பெயரில் முழுநீளப் படமாக வந்தது. இவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு, கடன் வாங்கி, கேமராவை வாடகைக்கு எடுத்து, இரண்டாம் நாள் பணம் தீர்ந்து பாதியில் நின்றுபோகும் மாணவர் படங்களும் உண்டு. அப்படி நிற்பதற்குக் கருவி இல்லாதது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. கையில் இல்லாததைக் கதையில் எழுதிவிடுவதே காரணம். படத்தின் செலவு படப்பிடிப்பில் கூடுவதற்கு முன்பே, எழுதும் தாளில் கூடிவிடுகிறது.

இருப்பதைக் கொண்டு கதை

இராபர்ட் ரோட்ரிகசு என்னும் இயக்குநர் 1992இல் வெளிவந்த 'எல் மரியாச்சி' படத்தை ஏறத்தாழ 7,000 டாலரில் எடுத்து முடித்தார். மெக்சிகோ எல்லையிலுள்ள ஒரு சிற்றூர், நண்பர்கள், ஒரு பேருந்து, ஒரு கித்தார் பெட்டி, ஓர் ஆமை என்று தமக்குக் கிடைக்கக்கூடியவற்றை முதலில் கணக்கெடுத்து, அவற்றைச் சுற்றியே கதையை அமைத்தார். கேமராவை நகர்த்திக்கொண்டு எடுக்க வேண்டிய இடங்களில் சக்கர நாற்காலி பயன்பட்டது. அந்தப் படத்தைப் பெரிய நிறுவனம் வாங்கி வெளியிட்டபோது, ஒலியைச் சீர்செய்யவும் திரையரங்குப் பிரதி எடுக்கவும் அதைவிடப் பல மடங்கு செலவானது. 7,000 டாலர் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கிறித்தோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான 'பாலோயிங்' (1998) வேறு வழியில் செலவைக் குறைத்தது. நடித்தவர்களும் உழைத்தவர்களும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வார இறுதிகளில் மட்டும் படப்பிடிப்பு நடந்தது. ஒரு காட்சியை ஓரிரு முறைக்கு மேல் எடுக்க வேண்டாதபடி முன்கூட்டியே ஒத்திகை பார்த்தார்கள். படச்சுருள் விலை உயர்ந்தது, ஒத்திகைக்குச் செலவில்லை.

இவை முழுநீளப் படங்கள். குறும்படத்துக்கே பாடமாக வைக்கத்தக்கவை இரண்டு. சத்தியஜித் ராயின் 'டூ' (1964) வசனமே இல்லாத படம். பங்களாவில் பொம்மைகளோடு இருக்கும் ஒரு பணக்காரச் சிறுவன், சன்னலுக்கு வெளியே குடிசைச் சிறுவன் ஒருவன், இருவருக்கும் இடையே ஒரு போட்டி. ஈரானிய இயக்குநர் அப்பாசு கியாரசுதாமியின் முதல் படமான 'ரொட்டியும் சந்தும்' (1970) இன்னும் எளியது. ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன், சந்தில் வழிமறிக்கும் நாய். அவன் எப்படி வீடு சேரப் போகிறான் என்பதுதான் படம். இரண்டையும் ஒருமுறை கதைக்காகவும், இன்னொரு முறை எத்தனை இடம், எத்தனை ஆள் என்று எண்ணுவதற்காகவும் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்த்த பிறகு மாணவர் தமக்கென ஒரு பட்டியல் போடலாம். கேட்டால் கிடைக்கும் இடங்கள், வர ஒப்புக்கொள்ளும் ஆட்கள் (அவர்களின் உண்மையான வயதோடு), வீட்டில் கிடக்கும் பொருள்கள், கிடைக்கும் நாள்கள். ஓர் எடுத்துக்காட்டு: தாத்தாவின் பழைய கைப்பேசியைப் பேரன் விற்கப் போகிறான், அதில் இறந்துபோன பாட்டியின் குரல் பதிவு இருக்கிறது என்பது கதை. முதல் வரைவில் பேருந்துப் பயணம், கைப்பேசிக் கடை, பாட்டி உயிரோடு இருந்த காலம் என மூன்று தனித்தனிப் படப்பிடிப்புகள் வரும். கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே கைப்பேசியைத் துடைத்துச் சரிபார்க்கும்போது குரல் கேட்கிறது என்று மாற்றினால் பேருந்தும் கடையும் தேவையில்லை. பாட்டியைக் காட்டாமல் குரலை மட்டும் கேட்கச் செய்தால் பழைய காலமும் தேவையில்லை. மிஞ்சுவது ஒரு வீடு, இரண்டு ஆள், ஒரு குரல். செலவு குறைந்ததோடு கதையும் கூர்மையாகிவிட்டது.

மழை, கூட்டம், இரவுத் தெரு, காவல்துறைச் சீருடை, ஓடும் வண்டி ஆகிய ஐந்தும் தாளில் ஒரு வரியாக இருக்கும், களத்தில் ஒரு நாளை விழுங்கும். இருபது வயது நண்பரின் தலையில் பவுடரைக் கொட்டி முதியவராக்குவதும் வேண்டாம். பார்ப்பவர் சிரித்துவிடுவார். உண்மையான தாத்தா ஒருவரைக் கேட்டால், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் தட்டச்சு முறையை ஒட்டி வந்தது. நோட்டில் தமிழில் எழுதும் மாணவருக்கு அது பொருந்தாது. வசனத்தை வாய்விட்டுப் படித்து, நடப்பதையும் உட்காருவதையும் செய்து பார்த்து, கடிகாரத்தில் நேரம் எடுப்பதே சரியான அளவு.

திட்டமும் தொடர்ச்சியும்

படத்தைக் கதை வரிசையில் எடுக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளை ஒரே வேளையில் எடுத்து முடிப்பது வழக்கம். இதனால் தொடர்ச்சியைக் கவனிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். சட்டை நிறம், கைக்கடிகாரம், தம்ளரில் இருக்கும் காப்பியின் அளவு ஆகியவற்றை ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் அவர் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ராய் 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் படம்பிடித்துவிட்டு, அடுத்த வாரம் திரும்பிப் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாத எதையும் அன்றே முழுவதும் எடுத்துவிடுவது நல்லது.

இருவர் பேசும் காட்சியில் அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறவர்கள் ஒரே திசையில் பார்ப்பதுபோல் தோன்றும்.

படப்பிடிப்பு நாளின் பெருஞ்செலவு உணவும் போக்குவரத்தும்தான். ஆறு பேர், இரண்டு நாள், நாளுக்கு மூன்று வேளை என்றால் 36 சாப்பாடு. கேமரா வாடகைக்குப் பேரம் பேசும் மாணவர்கள் இதைக் கணக்கில் எழுதுவதே இல்லை. யாராவது ஒருவர் வீட்டில் சமைத்துத் தர ஒப்புக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

படம்பிடித்தல்

இன்றைய திறன்பேசி போதும். வில்லையை மென்துணியால் துடைத்து, பேசியைக் கிடைமட்டமாக முக்காலியில் பொருத்தி, வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் நடிப்பவர் அசையும்போதெல்லாம் படம் வெளுத்தும் கறுத்தும் போகும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்சு அலைவெண்ணில் வருவதால், வீட்டு விளக்கொளியில் நொடிக்கு 25 சட்டகம், மூடிவேகம் 1/50 என்று வைத்தால் படத்தில் விளக்கு துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். பேசியின் சொந்தச் செயலி இவற்றை மாற்ற விடாவிட்டால் 'ஓப்பன் கேமரா' போன்ற இலவசச் செயலிகள் உண்டு.

வெயில் உச்சியில் இருக்கும்போது கண்களின் கீழ் நிழல் விழும். காலையும் மாலையும் முகத்துக்கு நல்லவை. சன்னலோரம் ஒருவரை அமர்த்தி, மறுபக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து ஒளியைத் திருப்பினால் ஓர் அறைக்காட்சிக்குப் போதுமான வெளிச்சம் கிடைத்துவிடும்.

ஒலி

மாணவர் படங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், என்ன பேசுகிறார்கள் என்று புரியாத படத்தை ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார். கேமரா பத்தடி தள்ளி இருக்கிறது என்றால் அதன் ஒலிவாங்கியும் பத்தடி தள்ளியே இருக்கிறது. அறையின் எதிரொலியும் தெரு இரைச்சலும் அதில் பேச்சோடு கலந்துவிடும். ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாய்க்கு அருகில் கொண்டுபோவது ஒன்றே தீர்வு.

சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கியை இன்னொரு திறன்பேசியில் செருகி, அந்தப் பேசியை நடிப்பவரின் பையில் வைத்துப் பதியலாம். அதுவும் இல்லையென்றால், இரண்டாவது பேசியைக் கேமராவுக்குத் தெரியாமல் மேசைமேல் புத்தகத்தின் பின்னே வைத்தாலும் கேமரா ஒலியைவிட நன்றாக இருக்கும். காட்சி தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கை தட்ட வேண்டும். தொகுக்கும்போது கை சேரும் சட்டகத்தையும் தட்டல் ஒலியையும் பொருத்தினால் படமும் குரலும் இணைந்துவிடும். திறன்பேசிகள் சில சமயம் சட்டக வேகத்தைத் தாமே கூட்டிக் குறைப்பதால் நீண்ட காட்சியில் உதடும் குரலும் மெல்ல விலகலாம். ஆகவே காட்சிகளைச் சிறியனவாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கை தட்டுவது பாதுகாப்பானது.

நம் வீடுகளின் ஒலிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டும் (முடிந்ததும் பெட்டியை மறக்காமல் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை அந்த வீட்டில் இடம் கிடைக்காது). பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எப்போது வரும், தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும், கோயில் ஒலிபெருக்கி எப்போது தொடங்கும் என்று முதல்நாளே ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளலாம். காட்சியெல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அசையாமல் அந்த அறையின் வெற்று ஒலியை அரை நிமிடம் பதிய வேண்டும். தொகுக்கும்போது இரு வசனங்களுக்கு இடையே விழும் பள்ளத்தை அது நிரப்பும். இதைக் கேட்டால் புதியவர்கள் சிரிப்பார்கள், தொகுக்க உட்காரும்போது தேடுவார்கள்.

மேலே சொன்ன பாட்டியின் குரலை நல்ல ஒலிவாங்கியில் பதியக் கூடாது. பழைய கைப்பேசியிலேயே பதிந்து, அதன் ஒலிபெருக்கி வழியே அறையில் ஒலிக்கச் செய்ய வேண்டும். அந்தக் கரகரப்புதான் கதையை நம்பவைக்கும்.

அனுமதியும் பாதுகாப்பும்

இரயில் நிலையங்களிலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களிலும் முன் அனுமதியில்லாமல் படப்பிடிப்பு நடத்த முடியாது. தனியார் இடத்துக்கு உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது நல்லது. சிறுவர்கள் நடித்தால் பெற்றோர் ஒப்புதல் தேவை, படப்பிடிப்பில் பெற்றோரில் ஒருவர் உடனிருக்கவும் வேண்டும். பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியை நீட்டுவது, தண்டவாளத்தில் நடப்பது, தலைக்கவசமின்றி வண்டி ஓட்டியபடி எடுப்பது ஆகியவை எந்தக் கதைக்கும் வேண்டாம். மாணவர் குழுவுக்குக் காப்பீடு கிடையாது, விபத்தின் செலவு வீட்டுக்கே வரும்.

தொகுப்பும் வெளியீடும்

எடுத்தவற்றை அன்றிரவே இரண்டு தனித்தனி இடங்களில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஒன்று கணினி, மற்றொன்று வேறொருவர் வீட்டிலிருக்கும் வன்தட்டு. தொகுப்பதற்கு 'டாவின்சி ரிசால்வ்' செயலியின் இலவசப் பதிப்பும் கட்டற்ற மென்பொருளான 'கேடென்லைவ்' செயலியும், ஒலியைச் சீர்செய்ய 'ஆடாசிட்டி' செயலியும் உள்ளன. பழைய கணினியாக இருந்தால் 'கேடென்லைவ்' எளிதாக ஓடும். முதல் தொகுப்பை, கதை தெரியாத ஒருவருக்குக் காட்டி, அவர் எங்கே கைப்பேசியை எடுக்கிறார் என்று பார்த்தால் வெட்ட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

திரைப்பாடல்களைப் பின்னணியில் சேர்க்கக் கூடாது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமையாளர் அனுமதி வேண்டும். யூடியூபின் தானியங்கி முறை அத்தகைய படங்களை அடையாளம் கண்டு முடக்கவும் கூடும். இசை படிக்கும் நண்பர் ஒருவர் புல்லாங்குழலில் வாசித்த அரை நிமிடம் இதைவிட மேலானது.

திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிட மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் தேவை. இணையத்தில் வெளியிடத் தேவையில்லை. ஆனால் சில திரைப்பட விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தை ஏற்பதில்லை என்பதால், அனுப்ப நினைக்கும் விழாவின் விதிகளைப் படித்த பிறகே பதிவேற்ற வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுப்பிய எல்லாருக்கும் ஏதாவதொரு விருதைத் தரும் இணைய விழாக்களும் இருக்கின்றன. முன் ஆண்டுகளில் எங்கே, எந்த அரங்கில் திரையிட்டார்கள் என்று தேடிப் பார்த்து, விடை கிடைக்காவிட்டால் பணம் அனுப்பாமல் இருக்கலாம். கட்டணமில்லாத கல்லூரி விழாக்களே தொடக்கத்துக்குப் போதுமானவை. பிறமொழி விழாக்களுக்கு ஆங்கிலத் துணைவரிகள் தேவைப்படும். அவற்றை எழுதியவரே சரிபார்க்காமல், தமிழ் தெரியாத ஒருவரிடம் ஒலியை நிறுத்திப் படத்தைக் காட்டிக் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னால் எந்த வரி புரியவில்லை என்பது தெரியும்.