இரண்டு டன் காந்தத்தைச் சுருக்கிய ஆல்ஃபிரட் நீயர்

1940 பிப்ரவரி 29 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு விமானத் தபாலில் ஒரு கடிதம் கிளம்பியது. கையால் எழுதிய அக்கடிதத்தின் ஓரத்தில் சிறு உலோகத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத அளவில் யுரேனியம்-235 படிந்திருந்தது. மெதுவான நியூட்ரான் பட்டுப் பிளவுபடுவது இந்த அரிய ஐசோடோப்தான் என்பதை, கொலம்பியாவில் இருந்த இயற்பியலாளர் ஜான் டன்னிங்கின் குழு அந்தப் படிவைக்கொண்டு நிறுவியது. அனுப்பியவர் ஆல்ஃபிரட் நீயர் என்ற 28 வயது இயற்பியலாளர்.

ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் வேதிவினைகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், நிறைதான் வேறு. அந்த வேறுபாட்டைப் பிடிப்பதே, நீயர் யுரேனியம்-235ஐப் பிரிக்கப் பயன்படுத்திய நிறை நிறமாலைமானியின் வேலை. பொருளை ஆவியாக்கி, எலெக்ட்ரான்களை மோதவிட்டு அயனிகளாக்கி, மின்னழுத்தத்தால் விரட்டிக் காந்தப்புலத்துக்குள் செலுத்துவார்கள். பாரம் ஏற்றிய லாரி வளைவில் எளிதில் திரும்பாததுபோல, கனமான அயனி குறைவாகவே வளையும். லேசானது அதிகம் வளையும். வழி பிரிந்து வரும் அயனிகளைத் தனித்தனியே பிடித்து, அவற்றின் மின்னோட்டத்தை அளந்தால், எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அக்காலக் கருவிகள் பலவற்றில் அயனிகள் 180 பாகை வளைந்தன. பாதை முழுவதும் காந்தப்புலத்துக்குள் இருக்கவேண்டும் என்பதால் இரண்டு டன் எடையுள்ள காந்தம் தேவைப்பட்டது. நீயர் 1940இல் ஆப்பு வடிவக் காந்தத்தை வைத்து, 60 பாகை வளைவே போதும் என்று காட்டினார். அயனிகள் பிறக்கும் இடமும் சேரும் இடமும் காந்தத்துக்கு வெளியே வந்தன. காந்தம் சில நூறு பவுண்டு எடைக்கு இறங்கியது. கார் பேட்டரிகளே அதை இயக்கின.

1947இல் இன்னொரு முன்னேற்றம். இரண்டு ஐசோடோப்புகளின் கற்றைகளையும் ஒரே நேரத்தில் இரு சேகரிப்பான்களில் பிடித்து ஒப்பிட்டார். அயனிக் கற்றை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே மாறும், விகிதம் மாறாது. மிக நுண்ணிய வேறுபாடுகளையும் நம்பி அளக்க வழி பிறந்தது இப்படித்தான். கிளிஞ்சல்களிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளிலிருந்து பழங்காலக் கடலின் வெப்பநிலையைக் கணிப்பது இந்த நுட்பத்தால்தான் கைகூடியது.

1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் நீயரின் சிறிய நிறை நிறமாலைமானிகளைச் சுமந்து சென்றன. அங்குள்ள காற்றில் நைட்ரஜன்-15இன் விகிதம் பூமியில் இருப்பதைவிட அதிகம் என்று அவை கண்டன. லேசான நைட்ரஜன்-14 கூடுதலாக விண்வெளிக்குத் தப்பியிருக்கிறது; அப்படியானால், செவ்வாயில் ஒருகாலத்தில் நைட்ரஜன் இப்போதைவிட நிறைய இருந்திருக்கவேண்டும். ஒரு கோளின் இழந்த காற்றைப் பற்றிச் சொல்ல, மிச்சமிருக்கும் அணுக்களின் விகிதமே போதுமானதாக இருந்தது.