வெயில் படாத இடத்தில் வரும் தோல் புற்று

தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் வரும் என்பது நம் ஊர் நினைப்பு. அதில் பாதி உண்மை. வெயிலின் புற ஊதாக் கதிர் செல்லின் மரபணுவைச் சிதைக்காதபடி கருந்தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி பெருமளவு தடுக்கிறது. இந்தியாவில் வரும் புற்றுகளில் தோல் புற்று நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. போடிநாயக்கனூரிலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு இன்னொரு காப்பும் உண்டு. மலைமேல் உள்ள போடிமெட்டு அந்த நகரைவிட சுமார் 1,000 மீட்டர் உயரம். அதற்கே அந்தக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடும். ஆனால் ஏலம் மரநிழலில் வளரும் பயிர். அப்படியானால் கவலை வேண்டாமா? வேண்டும். நம்மவர்களுக்கு இந்த நோய் வெயில் படாத இடங்களிலும் வருகிறது. அங்கே யாரும் தேடுவதில்லை.

முக்கிய வகை மூன்று. முகத்தில், பெரும்பாலும் வெயிலால் வருவது அடித்தளச் செல் புற்று. மெல்ல அரிக்கும், வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். செதிள் செல் புற்று அப்படியல்ல, நெறிகட்டும் இடங்களுக்கு ஏறக்கூடியது. பழைய தீக்காயத் தழும்பிலும் வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும், காயம்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட அது முளைக்கும். காஷ்மீரில் குளிருக்காக வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் வருவதும் இதுதான். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் விழுந்த புண் புற்றாக மாறியதும் நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. வெயிலுக்கு இங்கே என்ன வேலை? மூன்றாவது மெலனோமா, மூன்றிலும் பொல்லாதது. கருந்தோலர்களுக்கு அது அதிகம் வருவது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததை முதலில் பந்தாட்டக் காயம் என்றே நினைத்தார்கள். 1981-ல், 36 வயதில் இறந்தார். நம் ஊரில் என்றால் கால் ஆணி என்று சொல்லி பிளேடால் சீவியிருப்போம்.

இவ்வளவு அரிதான நோய்க்கு ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். அரிது என்பதால்தான் தாமதமாகிறது. தாமதமானால் சிறு வெட்டில் தீர வேண்டியதற்குக் காலையே எடுக்க நேரலாம். வெயிலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லவில்லை: பிறவியிலேயே மெலனின் குறைந்து வெளுத்த உடம்புள்ளவர்களுக்கு வெயில்தான் முதல் எதிரி, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவர்களுக்கு மருந்து மாதிரி. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பேச்சு இன்னொரு தடை. மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுக்கும் சதைப் பரிசோதனையால் புற்று பரவுவதில்லை. அது இல்லாமல் நோய் இன்னதென்று உறுதிசெய்யவும் முடியாது. எல்லா மச்சத்துக்கும் ஓட வேண்டியதில்லை. ஒரு மாதம் மருந்து போட்டும் ஆறாத புண், தடித்து விளிம்பு புரளும் பழைய தழும்பு, பரவும் உள்ளங்கால் கரும்புள்ளி, அகலமாகிக்கொண்டே போகும் நகக் கருங்கோடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் களிம்பு மாற்றிக்கொண்டிருக்காமல், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.